நட்சத்திரக் குறி போட்டது யார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு நேரமாகியும் நாற்காலியை விட்டு எழாத உங்களுக்கும் வணக்கம்.

'பேரி பாண்ட்ஸுக்கும் பேஸ்பால் ரசிகர்களுக்கும் நடுவே விழுந்த விரிசலுக்குப் பெரிதும் பொறுப்பு வீரரா, ஆட்டத்தை நடத்தியவர்களா?' இதுதான் தலைப்பு. பாண்ட்ஸைத் தெரியாதவர்களுக்கு: பிட்ஸ்பர்க்கிலும் பிறகு சான் பிரான்சிஸ்கோவிலும் ஆடிய அமெரிக்க பேஸ்பால் வீரர், ஹோம்ரன் சாதனைகளை முறியடித்தவர், ஊக்கமருந்துச் சந்தேகத்தில் சிக்கியவர். நடத்தியவர்களே என்பது எங்கள் கட்சி. நடத்தியவர்கள் என்றால் அணி முதலாளிகள், லீக் ஆணையர், வீரர்கள் சங்கம் மூவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் பாண்ட்ஸின் குணத்தைப் பிரித்து மேய்ந்தார். உடைமாற்றும் அறையில் தனக்கென்று சாய்வு நாற்காலியும் டிவியும் வைத்திருந்தார் என்றார். 1991 வசந்தகாலப் பயிற்சியில் பிட்ஸ்பர்க் மேலாளர் ஜிம் லேலண்டு கேமரா முன்னாலேயே அவரைக் கிழித்துத் தொங்கவிட்டதைச் சொன்னார். 2002-ல் சான் டியேகோவில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சொந்த அணிக்காரர் ஜெஃப் கென்ட்டோடு கைகலந்ததையும் சொன்னார். எல்லாம் உண்மை. இன்னொன்று அவர் சொல்ல மறந்துவிட்டார், நானே எடுத்துக் கொடுக்கிறேன். வீரர்கள் எல்லோரும் தங்கள் பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமையைச் சங்கத்தின் வழியாகக் கூட்டாகத் தருவது வழக்கம். 2003 கடைசியில் பாண்ட்ஸ் அதிலிருந்து விலகிக்கொண்டார். விளைவு, வீடியோ கேமில் அவர் பெயரே இல்லை. சான் பிரான்சிஸ்கோ அணியை எடுத்து விளையாடிய சிறுவனுக்குக் கிடைத்தது வேறு பெயரில், வேறு முகத்தில் ஒரு பொம்மை. சின்ன விஷயம்தான். ஆனால் பத்து வயது ரசிகன் கைநழுவுவது இப்படித்தான்.

நுணலும் தன் வாயால் கெடும். 2016-ல் அவரே பேட்டியில், மக்கள் என்னை இப்படிப் பார்த்ததற்கு நான்தான் காரணம் என்கிற பொருளில் ஒப்புக்கொண்டார். அப்புறம் எங்களுக்கு என்ன வழக்கு என்று எதிரணி கேட்கலாம். வழக்கு இருக்கிறது ஐயா. ஒருவர் சிடுசிடுப்பவர் என்பதற்காக யாரும் மைதானத்துக்குள் ஊசிக்குழாய் வீசுவதில்லை. 2006 ஏப்ரலில் சான் டியேகோவில் வீசினார்கள். பாண்ட்ஸ் அதைக் குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். சிடுசிடுப்புக்கும் ஊசிக்குழாய்க்கும் நடுவில் என்ன நடந்தது? அதுதான் என் பேச்சு.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானத்தில் நான்கு முனைகள், பேஸ் என்பார்கள், நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன். ஹோம்ரன் என்பது நம் சிக்ஸர் மாதிரி, பந்து வேலியைத் தாண்ட வேண்டும். பந்துவீச்சாளரான பிட்சர் போடும் பந்துகளில் நான்கு, அடிக்கும் எல்லைக்கு வெளியே போய் பேட்டரும் தொடாமல் விட்டால், அவர் ஓசியிலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அடிக்க விட்டால் ஆபத்து என்று தோன்றுகிறவருக்கு வேண்டுமென்றே நான்கையும் வெளியே போடுவார்கள். 2004-ல் பாண்ட்ஸுக்கு அப்படி வேண்டுமென்றே கொடுத்த நடை மட்டும் 120. மொத்த நடை 232. 1998-ல் அரிசோனா அணி, மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போதே, கையிலிருக்கும் ஒரு ரன்னைத் தானமாகக் கொடுத்து அவரை நடக்க விட்டது. அரிசோனாவின் கணக்கு பலித்தது, 8-7 என்று ஜெயித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? சான் பிரான்சிஸ்கோ ரசிகர்கள் எதிரணி பயந்து நடக்க விடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு ரப்பர் கோழிப் பொம்மையைத் தொங்கவிட்டார்கள். கோழை என்பதற்கு அந்த ஊரில் கோழிதான் அடையாளம். வெளியூர் ரசிகர்கள் பாண்ட்ஸ் வந்தால் ஊளையிடுவார்கள். அவரை நடக்க விட்டால் தங்கள் பிட்சரைப் பார்த்தும் ஊளையிடுவார்கள்! வெறுக்கவும் வேண்டும், அவர் அடிப்பதைப் பார்க்கவும் வேண்டும். இந்த இரட்டை மனசு தானாக முளைத்ததல்ல, விதைத்தவர்கள் இருக்கிறார்கள்.

1994 ஆகஸ்ட் 12. சம்பள உச்சவரம்புத் தகராறில் வீரர்கள் வேலைநிறுத்தம். அந்த ஆண்டு உலகத் தொடர் இறுதிப் போட்டியே ரத்து. மறு ஆண்டு ஆட்டத்துக்கு வந்த கூட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. போன கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது எது? 1998-ன் ஹோம்ரன் பந்தயம். மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66. அந்த ஆகஸ்டிலேயே மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் புட்டி இருப்பதை ஒரு செய்தியாளர் பார்த்து எழுதினார். உடம்புக்குள் போய் ஆண் ஹார்மோனாக மாறும் பொருள் அது. ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்க ஃபுட்பாலில் தடை, பேஸ்பாலில் மட்டும் தடையில்லை. லீக் என்ன செய்தது? கொண்டாட்டத்தைத் தொடர்ந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

விதியே இல்லையா என்றால், காகிதத்தில் இருந்தது. 1991-ல் அன்றைய ஆணையர் ஃபே வின்சென்ட், தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்தும் தடைப் பட்டியலில் அடங்கும் என்று அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பரிசோதனை இல்லை. பரிசோதனை இல்லாத தடை, பூட்டில்லாத கதவு. 2001-ல் பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 ஹோம்ரன் அடித்துச் சாதனை படைத்தபோது பெரிய லீக் வீரர் எவருக்கும் ஸ்டீராய்டுக்கான வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை கிடையாது. முதல் பரிசோதனை 2003-ல் வந்தது. அதுவும் பெயரில்லாமல், ஒரு கணக்கெடுப்பு மாதிரி. 5 சதவீதத்துக்கு மேல் மாட்டினால்தான் மறு ஆண்டு நிஜப் பரிசோதனை என்பது ஒப்பந்தம். 5 சதவீதத்தைத் தாண்டியது. 2004-ல் முதல் தடவை மாட்டினால் என்ன தண்டனை தெரியுமா? சிகிச்சை! பெயர்கூட வெளியே வராது. 2005-ல் 10 நாள் தடை. 2006-ல்தான் முதல் குற்றத்துக்கு 50 ஆட்டம், இரண்டாவதுக்கு 100, மூன்றாவதுக்கு ஆயுள் தடை. பாண்ட்ஸ் தன் 73-ஐ அடித்து ஐந்து ஆண்டு ஆன பிறகு.

இனி பால்கோ. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பர்லிங்கேம் ஊரில் விக்டர் கான்டே நடத்திய ஊட்டச்சத்துக் கம்பெனி. 2003 செப்டம்பரில் சோதனை போட்டார்கள். அங்கே இரண்டு சரக்கு. 'க்ளியர்' என்பது நாக்குக்கு அடியில் விடும் சொட்டு. உள்ளே இருப்பது டிஎச்ஜி என்ற புதிய ஸ்டீராய்டு. ஆய்வகம் எந்த மூலக்கூறைத் தேடுகிறதோ அதைத்தான் கண்டுபிடிக்கும். டிஎச்ஜி யாருடைய பட்டியலிலும் இல்லை. ஒரு தடகளப் பயிற்சியாளர் பயன்படுத்திய ஊசிக்குழாயை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வகம் அதன் மிச்சத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. இரண்டாவது 'க்ரீம்'. தோலில் தேய்ப்பது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மட்டும் ஏற்றினால், அதற்கும் உடம்பிலேயே சுரக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் எகிறிவிடும். சாதாரண உடம்பில் சுமார் 1:1. அன்றைக்கு 6:1 தாண்டினால்தான் சந்தேகம். ஆகவே க்ரீமில் இரண்டையும் கலந்துவிட்டார்கள். மேலேயும் கீழேயும் சேர்ந்து ஏறினால் விகிதம் எப்படி எகிறும்?

பாண்ட்ஸ் 2003 டிசம்பரில், வழக்குப் போடலாமா என்று விசாரிக்கும் கிராண்ட் ஜூரி முன், தன் பயிற்சியாளர் கொடுத்த சொட்டையும் க்ரீமையும் பயன்படுத்தினேன், ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்தேன் என்றார். நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். அரசு நம்பவில்லை, 2007 நவம்பரில் வழக்குப் போட்டது. 2011-ல் பொய் சாட்சியம் என்ற மூன்று குற்றச்சாட்டிலும் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நீதிக்கு இடையூறு என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி. 30 நாள் வீட்டுக்காவல், 4,000 டாலர் அபராதம். அதையும் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 10-1 என்று தள்ளிவிட்டது. ஆக, நீதிமன்றத்தில் நிற்கும் தீர்ப்பு எதுவும் இல்லை. லீக்கோ ஒருநாள்கூடத் தடை விதிக்கவில்லை, ஒரு ஹோம்ரனைக்கூடக் கழிக்கவில்லை.

இங்கேதான் நடுவர் ஐயா, என் கட்சியின் உயிர்நாடி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால், தீர்ப்பு கேலரிக்கு வந்துவிடும். கேலரியிடம் ஆய்வகம் கிடையாது. தொண்டை இருக்கிறது, அட்டை இருக்கிறது. 2006 மே மாதம் பிலடெல்பியாவில் ஒரு பதாகை. பழைய ஹோம்ரன் மன்னன் பேப் ரூத் ஹாட் டாக்கும் பீரும் வைத்துச் சாதித்தார், அவரை முந்திய ஹாங்க் ஏரன் கண்ணியத்தால் சாதித்தார், நீ எதை வைத்துச் சாதித்தாய் என்று கேட்டது. மிகச் சரியான கேள்வி! ஆனால் போய்ச் சேர வேண்டிய விலாசம் நியூயார்க் பார்க் அவென்யூவிலிருந்த லீக் அலுவலகம்.

ஆணையர் பட் செலிக் என்ன செய்தார்? 2007 ஆகஸ்ட் 4, சான் டியேகோ. பாண்ட்ஸ் தன் 755-வது ஹோம்ரனை அடித்து ஏரனின் வாழ்நாள் சாதனையைச் சமன் செய்கிறார். செலிக் எழுந்து நிற்கிறார், இரண்டு கையும் பேண்ட் பாக்கெட்டில். தட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மூன்று நாள் கழித்து, 756. சொந்த மைதானத்தில் ஜனங்கள் எழுந்து ஆர்ப்பரிக்கிறார்கள், பெரிய திரையில் ஏரன் பதிவு செய்து வைத்திருந்த வாழ்த்து ஓடுகிறது. ஆணையர் ஊரிலேயே இல்லை. சாதனை செல்லும் என்றால் கைதட்டு. செல்லாது என்றால் செல்லாது என்று சொல். பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு நின்றால் பார்க்கிறவன் என்ன முடிவுக்கு வருவான்?

1961-ல் இப்படி இல்லை. ரோஜர் மாரிஸ் ஒரே சீசனில் 61 ஹோம்ரன் அடித்த அந்த ஆண்டில், சீசன் 154 ஆட்டத்திலிருந்து 162 ஆகிவிட்டது, எனவே ரூத்தின் 60-ஐத் தாண்டினால் தனியாகக் குறிப்போம் என்று ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் முன்கூட்டியே அறிவித்தார். அநியாயமான முடிவு என்பேன் நான், பின்னால் 1991-ல் அதை நீக்கினார்கள். ஆனாலும் ஒரு மனிதர் பொறுப்பெடுத்துச் சொன்னார்.

2007-ல் அந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? ஒரு துணிக்கடைக்காரர்! ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ அந்த 756-வது பந்தை 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தார். அப்படியே கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடு என்று 34 சதவீதம். ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்பு என்று 19. இந்தச் சாதனை சந்தேகத்துக்குரியது என்று காட்டும் நட்சத்திரக் குறி போட்டுக் கொடு என்று 47. குறி போட்டார்கள், 2008-ல் அந்தப் பந்து கூப்பர்ஸ்டவுனுக்குப் போனது. குறி போட்ட பந்தை வைத்தால் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று பாண்ட்ஸ் முன்னமே சொல்லியிருந்தார். லீக் செய்யாத தீர்ப்பை ஒரு இணையத் தேர்தல் செய்தது. உறவு முறிந்த இடம் இது.

இதில் நிறத்துக்குப் பங்கில்லையா என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உண்டு. 2007-ல் இரண்டு பெரிய ஊடகங்கள் சேர்ந்து எடுத்த கருத்துக்கணிப்பில், சாதனை முறிய வேண்டும் என்றவர்கள் கருப்பின ரசிகர்களில் 74 சதவீதம், வெள்ளையரில் 28. ஏரன் என்ற கருப்பரும் 1973-லும் 74-லும் கொலை மிரட்டல் கடிதங்களைப் படித்தபடியேதான் ரூத்தை நெருங்கினார். அந்தப் பழைய காயம் அங்கே இருந்தது. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று நான் இழுக்க மாட்டேன்.

'கூப்பர்ஸ்டவுன் கதவு மூடியதே, அது ரசிகர்களின் தீர்ப்புத்தானே' என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். இல்லை அம்மா, அங்கே ரசிகருக்கு வாக்கே கிடையாது. செய்தியாளர்கள்தான் வாக்களிக்கிறார்கள், 75 சதவீதம் வேண்டும், பத்து ஆண்டு வாய்ப்பு. 2013-ல் பாண்ட்ஸுக்கு 36.2. கடைசி வாய்ப்பான 2022-ல் 66. அதே 2022-ல் டேவிட் ஓர்டிஸ் முதல் வாய்ப்பிலேயே உள்ளே போனார். 2003 பெயரில்லாக் கணக்கெடுப்பில் மாட்டியவர்களில் அவரும் ஒருவர் என்று 2009-ல் பத்திரிகைச் செய்தி வந்தது. அவர் மறுத்தார், அந்தப் பட்டியல் முடிவுகள் உறுதியானவை அல்ல என்று 2016-ல் புதிய ஆணையரும் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஒருவருக்குச் சந்தேகத்தின் பலன், இன்னொருவருக்குச் சந்தேகத்தின் பழி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மெக்வயரை வைத்து வென்ற மேலாளர் டோனி லா ரூசா 2014-ல் உள்ளே. பாக்கெட்டில் கைவிட்டு நின்ற செலிக் 2017-ல் உள்ளே. 2025 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேமின் 16 பேர் குழு மறுபடி பார்த்தது. 12 வாக்கு வேண்டும், பாண்ட்ஸுக்கு ஐந்துகூட விழவில்லை. ஐந்துக்குக் கீழே போனால் அடுத்த சுற்றில் நிற்கவே முடியாது என்பது புது விதி. அந்தக் குழு அன்று தேர்ந்தெடுத்த ஒரே ஆள் யார்? ஜெஃப் கென்ட்! ஆமாம், கைகலந்தாரே, அவரேதான்.

ரசிகர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமா? 2000-ல் தனியார் பணத்தில் கட்டிய புது மைதானத்தில் பாண்ட்ஸ் ஆடிய எட்டு சீசனிலும், ஒவ்வொன்றிலும் 30 லட்சம் பேருக்கு மேல். பழைய மைதானத்தின் கடைசி ஆண்டில் வந்தவர்கள் சுமார் 20 லட்சம். 2018 ஆகஸ்டில் அவருடைய 25-ம் எண்ணை, இனி அணியில் வேறு யாரும் அணியக் கூடாது என்று, ஓய்வு பெறச் செய்த விழாவில் எழுந்து நின்றதும் அந்த ஜனங்களே. சண்டை போட்டுப் பிரிந்த பிட்ஸ்பர்க்கே 2024-ல் தன் அணியின் புகழ்ப் பட்டியலில் அவரைச் சேர்த்தது, அதே நாளில் அதே லேலண்டையும் சேர்த்து.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் பாண்ட்ஸின் கோபம், நாற்காலி, டிவி எல்லாவற்றையும் மறுபடி பேசட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கூடவே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காரட்டும்: 2001 அக்டோபர் 7-ம் தேதி 73-வது ஹோம்ரன் வேலியைத் தாண்டியபோது, அதை அடித்தவரை எந்தப் பரிசோதனைக்கு, எந்தத் தண்டனைப் பட்டியலின் கீழ் லீக் உட்படுத்தியிருக்க முடியும்?