விடாதே, முட்டாதே

(போன ஞாயித்துக்கிழமை காலைல சேலம் காந்தி ஸ்டேடியத்துல வாக்கிங் போற நம்ம குழு முன்னாடி பேசுனது. செல்போன்ல பதிவானதைக் கேட்டு டைப் பண்ணியிருக்கேன், நடுவுல மைக் நின்னு போன கொஞ்ச நேரத்தை மட்டும் ஞாபகத்துலேருந்து சேர்த்திருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இவரு டெய்லி காலைல அந்த வேப்பமரத்துக்கிட்ட என்னமோ மெதுவா கையைக் காலை ஆட்டிட்டு நிக்கிறாரே அது என்னனு ரொம்ப பேர் கேட்டீங்க, நடந்துட்டே கேக்குறப்ப ரெண்டு வார்த்தைக்கு மேல சொல்ல முடியல, அதனாலதான் இன்னைக்கு உக்கார வச்சு சொல்றேன். அதுக்குப் பேரு டாய் சி. சீனாவோட பழைய சண்டைக் கலை, இன்னைக்கு உலகம் பூரா வயசானவங்க, நோயாளிங்க, சின்னப் பசங்கனு எல்லாரும் பழகுறாங்க.

நான் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப் பட்டறையில 31 வருஷம் வேலை பாத்தவன். கொலுசுக்குப் பொடி வச்சு ஊதுறதுதான் என் வேலை. கண்ணியை ஒட்ட வைக்க உருக்குற பொடி, பொடி வச்சுப் பேசுறான்னு சொல்றோமே அந்தப் பொடிங்க. தரையில சம்மணம் போட்டு உக்காந்து கண்ணி கண்ணியா கோத்து, ஊதுகுழலை வாயில வச்சு சுடரைத் திருப்பி ஊதணும், ஊதுற காத்து அறுந்துச்சுன்னா பொடி ஓடாது, அதனால கன்னத்துல காத்தைத் தேக்கி வச்சு வாயால ஊதிக்கிட்டே மூக்கால இழுக்கணும். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் இப்படி. அம்பது தாண்டுனதும் ரெண்டு முட்டியும் போச்சு. படி எறங்கறதுன்னா பக்கவாட்டுல திரும்பி ஒவ்வொரு படியா எறங்குவேன். எங்க பட்டறைத் தெருவுல என் வயசு ஆளுங்க பாதிப் பேருக்கு இதே கதைதான்.

2016ல பேத்தி பொறந்தப்ப மக வீட்டுக்கு சிங்கப்பூர் போயிருந்தேன். அவங்க பிளாக் கீழ தூண் தூணா ஒரு வெறும் எடம் இருக்கும், வாய்ட் டெக்னு சொல்வாங்க, அங்க காலைல ஆறரைக்கு ஒரு பதினஞ்சு இருபது பேர் கூடுவாங்க. பாதி சீனர்கள், ஒரு மலாய் அண்ணன், பிலிப்பைன்ஸ்லேருந்து வேலைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க. நான் தூணுக்குப் பின்னால நின்னு பாத்துட்டிருந்தேன், நாலாவது நாளு எழுபது வயசுக்கு மேல இருக்குற ஒரு சீன அம்மா வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வரிசையில நிக்க வச்சுட்டாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷே அரைகுறை. அவங்க என்கிட்ட சொன்ன ஒரே வார்த்தை சோங். தோளை விரலால தொட்டு சோங்ம்பாங்க, இடுப்பைக் காட்டி சோங்ம்பாங்க. எனக்குப் புரியல. நான் தொங்கிப் போய் நின்னேன், அதுவும் இல்லைனு தலையாட்டுனாங்க. அப்புறம் ஒரு நாள் அவங்க தலையில போட்டிருந்த கிளிப்பை எடுத்தாங்க, முடி அப்படியே அவுந்து தோள்ல விழுந்துச்சு, அதைக் கையால தொட்டுக் காட்டி சோங்னாங்க. முடி அவுந்தாலும் தலையை விட்டுப் போகலை பாருங்க, வேர்ல பிடிச்சிருக்கு, மத்ததெல்லாம் இறுக்கம் இல்லாம கிடக்கு. அப்பதான் எனக்கு உறைச்சுது. பின்னால தெரிஞ்சுது, பழைய சீன எழுத்துல அந்த வார்த்தையோட மேல் பாதியே முடியைக் குறிக்கிற எழுத்துதான்.

நம்ம ஊர்ல இதுக்கு உதாரணம் வேணும்னா ஏற்காடு பஸ்ஸுல ஏறுங்க. 20 கொண்டை ஊசி வளைவு, நம்மள்லாம் கம்பியைக் கட்டிப் பிடிச்சுட்டு தொங்குவோம், கண்டக்டர் ரெண்டு கையிலயும் டிக்கெட்டும் சில்லறையும் வச்சுக்கிட்டு நடந்து வருவார். அவரோட முட்டியைப் பாருங்க, பூட்டிக்காம லேசா மடங்கி இருக்கும், வண்டி சாயுறப்ப வெயிட்டு ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்குத் தானா ஓடும். டாய் சியில பாதி விஷயம் அதுதாங்க. எந்தக் கால் நிறைஞ்சிருக்கு எந்தக் கால் காலியா இருக்குனு ஒவ்வொரு நொடியும் தெரியணும். மெதுவா செய்றது அழகுக்காகனு நினைக்காதீங்க, வேகமா செஞ்சா வெயிட்டு எங்க இருக்குனு நமக்கே தெரியாம ஏமாத்திட்டுப் போயிடலாம், மெதுவா செஞ்சா ஏமாத்த முடியாது, ஒத்தைக் கால்ல நிக்கிற நேரம் நீளும், தொடை நடுங்கும், வேர்க்கும்.

முட்டி விஷயத்தை மட்டும் நிதானமா கேட்டுக்குங்க, இதுல நான் அடி பட்டவன். ஊருக்குத் திரும்பினப்புறம் வேற ஒரு ஊர்ல ஒரு வகுப்புல சேந்தேன். அங்க சொல்லிக்குடுத்தவர் இன்னும் தாழ உக்காரு, இன்னும் தாழனு சொல்லிட்டே இருந்தார், நானும் ரோஷத்துல தாழ்ந்தேன், முட்டி வீங்கி ரெண்டு மாசம் படுத்துட்டேன். தப்பு என்னன்னா, வெயிட்டு முழுசா ஒரு கால்ல இருக்கும்போது அந்தப் பாதத்தைத் திருகுனேன். பாதம் தரையில ஒட்டியிருக்கும், இடுப்பு திரும்பாது, நடுவுல மாட்டிக்கிட்ட முட்டிதான் முறுக்கு வாங்கும். முட்டி எப்பவும் பாத விரல் பாக்குற தெசையையே பாக்கணும். திரும்பறது தொடையும் இடுப்பும் சேர்ற மடிப்புல நடக்கணும், சீனத்துல அதை குவானு சொல்வாங்க. தரையில உக்காந்து வேலை செஞ்ச எனக்கு அந்த மடிப்பு துருப்பிடிச்ச கீல் மாதிரி இருந்துச்சு, அது அசையவே ஒரு வருஷம் ஆச்சு. இப்ப படி எறங்குறேன், நேரா எறங்குறேன். தேய்ஞ்சது திரும்ப வளந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், சுத்தி இருக்குற தசை தாங்குது, அவ்வளவுதான்.

இந்த இடத்துல ஒருத்தர் கேப்பீங்க, போன வாரமே ஒரு அண்ணன் கேட்டுட்டார், இதெல்லாம் நம்ம போதிதர்மர் காஞ்சிபுரத்துலேருந்து போய் கத்துக்குடுத்ததுதானேனு. ஆசையா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா அது இல்லைங்க. போதிதர்மரைச் சொல்றது ஷாவோலின் மடத்துச் சண்டைக் கலையோட சேத்து, அதுவே ரொம்ப பிந்தி வந்த கதைனுதான் வரலாறு படிச்சவங்க சொல்றாங்க. டாய் சிக்குத் தெரிஞ்ச ஊர் ஹெனான் மாகாணத்துல சென் குடும்பத்தோட கிராமம், 17ஆம் நூற்றாண்டுல சென் வாங்டிங்னு ஒரு பழைய படைவீரர்கிட்டேருந்து வந்ததா சொல்றாங்க. வெளியாள் யாங் லூச்சான் அங்க போய்க் கத்துக்கிட்டு 19ஆம் நூற்றாண்டுல பெய்ஜிங்குக்குக் கொண்டு போனார், அவரோட பேரன் யாங் செங்ஃபூ காலத்துல எல்லாரும் செய்ற மாதிரி அகலமா நிதானமா ஆச்சு, 1956ல சீன அரசு அந்த யாங் முறையிலேருந்து சுருக்கி 24 அசைவு வச்சது, நான் வேப்பமரத்துக்கிட்ட செய்றது அதுதான், முழுசா ஒரு தடவை செய்ய ஆறு நிமிஷம். 2020 டிசம்பர்ல யுனெஸ்கோ மனித குலத்தோட கலாச்சாரச் சொத்துப் பட்டியல்ல சேத்துருக்கு. அந்தப் பெருமை அவங்களுக்குத்தான் சேரணும். நம்மகிட்ட சிலம்பம் இருக்கு, எங்க மாமா கம்பு சுத்துவார், அவரும் மொதல்ல காலடிதான் பழக்குவார், கம்பைக் கையில தரவே மாட்டார். ரெண்டும் எங்கயோ கை குலுக்கிக்குது, அதுக்காக ஒண்ணை இன்னொண்ணோட அப்பானு சொல்ல வேண்டியதில்ல.

சரி, நான் உண்மையில சொல்ல வந்தது வேற. டாய் சியைத் தனியா பழகலாம், தனியா கத்துக்க முடியாது. அதை எனக்குக் காட்டுனது ஏற்காட்டுல ஜனவரி மாசம் கூடுற எங்க கூட்டம். சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச பழக்கம், கொரோனா சமயத்துல எல்லாரும் வீட்டுல அடைஞ்சப்ப வீடியோ கால்ல ஒண்ணா பழக ஆரம்பிச்சோம், அதுல ஒருத்தர் மூலமா இன்னொருத்தர்னு பல நாட்டு ஆளுங்க சேந்தாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு பேச்சு வந்தப்ப எங்க ஊருக்கு வாங்கன்னேன். ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவுல பத்து நாள். சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழ காப்பிப் பழம் காயப்போடுற சிமெண்ட் களம் இருக்கும், காலைல பனி எறங்குறப்ப அந்தக் களத்துல நிப்போம்.

அங்க தள்ளு கை பழகுவோம். சீனத்துல துய் ஷோ. ரெண்டு பேர் எதிரும் புதிருமா ஒரு காலை முன்ன வச்சு நின்னு மணிக்கட்டோட மணிக்கட்டு ஒட்டணும், ஒருத்தர் தள்ள இன்னொருத்தர் வாங்கி வட்டமா திருப்பி விடணும், பாதம் நகந்துச்சுன்னா தோத்தோம். அதுக்கு ஒரு பழைய விதி இருக்கு, பூ தியூ பூ திங்னு சொல்வாங்க. தமிழ்ல சொன்னா விடாதே, முட்டாதே. தொட்ட கையை விட்டுடக் கூடாது, எதிர்த்து முட்டவும் கூடாது. ரெண்டே வார்த்தை, எனக்கு மூணு ஜனவரி ஆச்சு.

போலந்துலேருந்து ஒரு அண்ணன் வருவார், லாரி டிரைவர், நூறு கிலோவுக்கு மேல. மொதல் நாள் அவர் கை என் கை மேல வந்ததும் நான் மூச்சைப் பிடிச்சேன், முட்டுனேன், ரெண்டாவது நொடி பின்னால போய் விழுந்தேன். திரும்பத் திரும்ப அதேதான். அவர் பலத்துனால விழறேன்னு நினைச்சேன். அப்புறம் தைவான்லேருந்து வந்த ஒரு அம்மா, என் தோள் உயரம்தான் இருப்பாங்க, அவங்க மணிக்கட்டுல என் மணிக்கட்டை வச்சேன், அங்க ஒண்ணுமே இல்லைங்க. பட்டுத்துணி மேல கை வச்ச மாதிரி. நான் தள்ளுறேன், தள்ளுறதுக்கு அங்க ஆள் இல்ல, என் வெயிட்டு முன்னாடி வழிஞ்சு நானே கால் எடுத்து வச்சுட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே என் நெஞ்சு நடுவுல ஒரு விரலை வச்சாங்க. மூச்சு அங்க நின்னிருந்துச்சு. தள்ளுற ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பூட்டுறேன், அதை அந்த அம்மா என் மணிக்கட்டு வழியா படிச்சுட்டாங்க.

31 வருஷம் மூச்சு அறாம ஊதுனவன் நான். சுடர் முன்னாடி அறாத மூச்சு, ஒரு மனுஷன் கை மேல பட்டதும் அறுந்துடுது. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் காலைல அந்த போலந்து அண்ணன் முன்னாடி நின்னு, ஊதுகுழல் வாயில இருக்குறதா நினைச்சுக்கிட்டேன், அவர் தள்ளத் தள்ள மூச்சை ஓட விட்டேன், தோளை விட்டேன், குவா மடிஞ்சு அந்தப் பலம் என் பின்னங்கால்ல எறங்கி சிமெண்ட் களத்துக்குப் போறது தெரிஞ்சுது. பாதம் நகரலை. அவர் என்னமோ போலந்து மொழியில கத்தி என்னைக் கட்டிப்பிடிச்சுட்டார்.

இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது. ஒரே ஊர்க்காரங்க ரெண்டு பேர் வருஷக் கணக்கா தள்ளுனா ஒருத்தரை ஒருத்தர் மனப்பாடம் பண்ணிடுவோம், அவன் எப்ப தள்ளுவான்னு தெரிஞ்சு சமாளிப்போம். வேற உடம்பு, வேற உயரம், வேற பழக்கம் உள்ள கை வந்தாதான் நம்ம பொய் வெளிய வரும். கொலம்பியாவுலேருந்து ஒரு நர்ஸ் வர்றாங்க, அவங்க கை வேகம், நான் பயந்து கையை எடுத்துடுவேன், அது விடாதேங்குறதுல தப்பு. அவங்களுக்கு நான் சொல்லிக் குடுத்த ஒரே தமிழ் வார்த்தை மெதுவா. இப்ப அவங்க ஆஸ்பத்திரியில வயசானவங்களைக் கட்டில்லேருந்து எழுப்புறப்ப மெதுவா மெதுவானு சொல்றாங்களாம், அங்க இருக்குற பாட்டிங்களும் திருப்பிச் சொல்றாங்களாம். அதைக் கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கூட்டம்னா சண்டையும் இருக்கும்ங்க. சென் முறைக்காரங்க யாங் முறை நீர்த்துப் போச்சும்பாங்க, மணிக்கட்டு மடங்கணுமா நேரா இருக்கணுமானு ராத்திரி சாப்பாட்டுல ரெண்டு மணி நேரம் ஓடும், அதெல்லாம் நல்ல சண்டை, நடக்கட்டும். நான் ஒத்துக்காதது ஒண்ணுதான், தொடாமலே சக்தியால ஆளைத் தள்ளுவேன், சுகர் மாத்திரையை நிறுத்துனு சொல்றவங்க. அப்படி யாரும் சொன்னா தயவு செஞ்சு எழுந்து வந்துடுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. டாய் சியில வர்ற சி மூச்சுச் சக்தியைச் சொல்ற சி கூட இல்ல, அது வேற எழுத்து, எல்லைங்குற மாதிரி அர்த்தம். இதால ஆகுறதைச் சொல்லவே உண்மையான விஷயம் போதும். 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்காவுல ஓரிகன்ல பார்கின்சன் நோய் இருக்குற 195 பேரை மூணு குழுவா பிரிச்சு, வாரம் ரெண்டு தடவை, 24 வாரம். டாய் சி செஞ்சவங்களுக்குத் தடுமாறாம நிக்கிற நிதானம் கூடுச்சு, சும்மா கை கால் நீட்டி மடக்குற பயிற்சி செஞ்சவங்களை விட கீழ விழறது குறைஞ்சுது. நம்ம வீட்டுல அறுபது தாண்டுனவங்க பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்தா என்ன ஆகுதுனு உங்க எல்லாருக்கும் தெரியும். விழாம நிக்கிறது சின்ன விஷயமில்லங்க.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை உலக டாய் சி நாள். 1998ல அமெரிக்காவுல கான்சஸ் சிட்டியில ஒரு மியூசியம் புல்வெளியில கூடி செஞ்சதுலேருந்து வந்தது, அவங்கவங்க ஊர்ல காலை பத்து மணிக்குச் செய்யணும். போன தடவை நாங்க ஆறு பேர் ஏற்காடு ஏரிக்கரையில செஞ்சோம். அன்னைக்கு நாள் பூரா போன் அடிச்சுட்டே இருந்துச்சு. நமக்கு ஏழரை மணிக்கே தைவான் அம்மா போட்டோ அனுப்பிட்டாங்க, பத்து மணிக்கு நாங்க, மத்தியானம் ஒன்றரைக்கு போலந்து, ராத்திரி எட்டரைக்கு நான் சோறு சாப்பிட்டுட்டு இருக்கேன், கொலம்பியா நர்ஸு ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலேருந்து, பக்கத்துல நாலு பாட்டிங்க, எல்லார் கையும் மேகம் மாதிரி அசையுது.

பேசுனது போதும். எல்லாரும் எந்திரிங்க, நாற்காலியைப் பின்னால தள்ளிடுங்க, செருப்பைக் கழட்டுங்க. தெரிஞ்சவங்க பக்கத்துல நிக்காதீங்க, பேர் தெரியாத ஒருத்தர் எதிர்ல போய் நில்லுங்க. அண்ணே, நீங்க அந்தப் பாட்டிம்மா முன்னாடி வாங்க. வலது காலை முன்ன வைங்க. மணிக்கட்டோட மணிக்கட்டு, ரெண்டு பேரும் லேசா, ஒரு சிட்டுக்குருவி உக்காந்திருக்குற அளவுக்குத்தான் பாரம். கண்ணை மூடிக்கலாம். ஒருத்தர் மெதுவா தள்ளுங்க.

பாட்டிம்மா, மூச்சை விடுங்க.