கோபம் இருக்குது, சரக்கு இல்லை

(ஆகஸ்ட் 7, கைத்தறி நாளை ஒட்டி, சேலம் அம்மாப்பேட்டையில் நெசவாளர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியது. மேடையில் பேசியதை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்று முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து இரண்டு விழா முடித்துவிட்டு மூன்றாவதாக இங்கே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கும் சிறு காப்பி விவசாயிகளே, கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளே, வணக்கம். குகை, பொன்னம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கமிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் என் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் தனியாக ஒரு வணக்கம். தறி ஒரு வேளை நின்றால் அந்த வேளைக் கூலி போச்சு. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மேடையில் எனக்குப் போட்ட துண்டு இங்கே நெய்த துண்டு. அதற்காகத் தலைவருக்கு நன்றி. பொன்னாடை என்ற பெயரில் எங்கோ மில்லில் ஓட்டிய பாலியெஸ்டர் துணியைப் போடும் வழக்கம் இந்த மேடையில் இல்லை என்பதே எனக்குப் பெரிய மரியாதை.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, புறக்கணிப்பு எங்கிருந்து வந்தது. இரண்டு, எந்தக் கம்பெனி எந்த அரசியலுக்குத் துணை போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது. மூன்று, வேண்டாம் என்று தள்ளிய பிறகு எதை வாங்குவது.

பத்து நாள் முன்னால் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் போனை என் முன்னால் நீட்டினாள். பெரிய பட்டியல். இந்தக் கம்பெனி இந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தது, இந்தக் கம்பெனி போர் நடத்தும் நாட்டுக்குப் பொருள் விற்கிறது, இந்த முதலாளி இப்படிப் பேசினார் என்று வரிசையாக இருக்கிறது. சோப்பு, பற்பசை, பிஸ்கட், செருப்பு எல்லாம் அதில் வந்துவிட்டது. "அப்போ நான் பல் விளக்குறதே தப்பா சித்தப்பா?" என்று கேட்டாள். அவளிடம் அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கு நான் பேசுவது முழுக்க அவளுக்கான பதில்தான்.

என் அத்தை ஒரு பழமொழி அடிக்கடி சொல்வார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறார், அவரிடம் வாயால் கேட்கலாம். கம்பெனி ஓட்டுக் கேட்டு வருவதில்லை. அது கல்லாவுக்குத்தான் வருகிறது. அதனால் அதைக் கல்லாவில் வைத்துத்தான் கேட்க வேண்டும். என் அண்ணன் மகள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

முதல் விஷயம். புறக்கணிப்பை ஆங்கிலத்தில் பாய்காட் என்கிறோமே, அது ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தில் மேயோ என்ற மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-இல் குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றப் பார்த்தார். ஊர் கம்பெடுக்கவில்லை, கல்லெடுக்கவில்லை. அவர் வயலில் இறங்க ஆள் இல்லை. வீட்டு வேலைக்கு ஆள் இல்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. கடைசியில் வெளியிலிருந்து சுமார் 50 பேரைக் கூட்டி வந்து அறுவடை செய்தார்கள். அந்த 50 பேருக்குக் காவல் சுமார் 1,000 சிப்பாய்கள். 500 பவுண்டு பெறாத விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு செலவானது என்று கணக்குச் சொல்வார்கள். அந்த வருடம் டிசம்பரில் அவர் அயர்லாந்தை விட்டே போனார். அதே அயர்லாந்தில் 1984-இல் டப்ளின் நகரத்து ஒரு கடையில் மேரி மேனிங் என்ற 21 வயதுப் பெண், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் பழத்துக்குப் பில் போட மாட்டேன் என்றார். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூட வேலை செய்தவர்கள் அவரோடு வெளியே வந்து இரண்டரை வருடத்துக்கு மேல் தெருவில் நின்றார்கள். 1987-இல் அந்த நாட்டு அரசே தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியைத் தடை செய்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்று ஒன்று இருக்கிறது. தலை நிமிர்ந்து கேள்வி கேட்ட தலித் குடும்பத்துக்குக் கடையில் சாமான் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, காட்டில் வேலை இல்லை என்பது. அதையும் சிலர் புறக்கணிப்பு என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மேயோவில் இல்லாதவன் இருக்கிறவனைப் பார்த்துச் செய்தான். ஊர்விலக்கில் இருக்கிறவன் இல்லாதவனை நசுக்குகிறான். அதே போல, இந்தக் கடை இந்த மதத்துக்காரர் கடை, அதனால் வாங்காதே என்று வரும் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். ஒருவர் செய்ததைப் பார்த்து ஒதுக்கலாம். பிறந்ததைப் பார்த்து ஒதுக்கினால் அது தீண்டாமை.

சரி, இரண்டாவது விஷயம். கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதம் எந்தக் கம்பெனி எவ்வளவுக்குப் பத்திரம் வாங்கியது, எந்தக் கட்சி எவ்வளவு எடுத்தது என்ற விவரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வந்தது. வாட்ஸப்பில் வரும் பட்டியலை நம்பாமல் அதைப் பாருங்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டும், இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். எனக்கு முக்கியம் மூன்றாவது விஷயம்.

என் தாய்மாமா இதே அம்மாப்பேட்டையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சூட்டோடு, மார்ச் 1 முதல் பன்னாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மாமா முதல் நாளே பாட்டில்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். ஆனால் கடையில் இருந்த பிரிட்ஜ் அந்தக் கம்பெனி கொடுத்தது. கடைப் பெயர்ப் பலகைகூட அவர்கள் எழுதிக் கொடுத்ததுதான். அதில் பாட்டில் படம் ஓர் ஆள் உயரம், மாமா பெயர் கீழே ஒரு விரல் உயரம். ஒரு வாரத்தில் வண்டி வந்தது, பிரிட்ஜ் போனது. அவர்கள் பொருள், எடுத்துக்கொண்டு போனார்கள், அதைக் குற்றம் சொல்ல முடியாது. பிரிட்ஜ் போனதும் பால் பாக்கெட், தயிர், மோர் வியாபாரமும் சேர்ந்து போனது.

அத்தை அசரவில்லை. பெரிய மண்பானை ஒன்றை வாங்கி வந்து, மணல் பரப்பி உட்கார வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றினார். இராத்திரி உட்கார்ந்து நன்னாரி வேர் காய்ச்சி சர்பத் எடுத்தார். எலுமிச்சம்பழம் லீ பஜாரிலிருந்து மூட்டையாக வந்தது. பலகையை மாமா திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தன் கையாலேயே "நன்னாரி சர்பத், கோலி சோடா" என்று எழுதினார். நான் சும்மா சொல்லவில்லை, ஏப்ரல் மாதம் அந்தக் கடை முன்னால் நிற்க இடம் இல்லை. தறியிலிருந்து இறங்கி வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அங்கேதான். வேறு ஊருக்குக் குடிபோன ஒரு பெரியவர், பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து கோலியை அழுத்தி உடைத்துக் காட்டினார். அந்தச் சத்தத்துக்குப் பையன் கை தட்டினான். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறந்தாச்சு" என்று அத்தை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மே மாதம் வந்தது. கோலி சோடா போடுகிறவரிடம் பழைய பாட்டில்கள்தான் இருந்தன. உடைந்தால் மாற்றுப் பாட்டில் கிடைக்கவில்லை. தினம் வந்த சோடா மூன்று நாளைக்கு ஒரு முறை ஆனது. அத்தைக்கு முதுகு வலி, சர்பத் காய்ச்ச இன்னொரு ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. "இருக்குதாண்ணா?" என்று வருகிறவர்களிடம் "நாளைக்கு வரும்" என்றே மாமா சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் சொல்வது? அடுத்த கோடைக்குள் பிரிட்ஜ் திரும்பி வந்துவிட்டது. நான் கோபமாகப் போய்க் கேட்டேன். மாமா கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார். "கோபம் எனக்கு இன்னும் அப்படியே இருக்குது கண்ணு. சரக்குத்தான் இல்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக இதைச் சொன்னேன். 1906-இல் வ.உ.சி. வெள்ளைக்காரன் கப்பலில் ஏறாதே என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். நம் சேலத்துக்கு வாருங்கள். 1917-இல் இந்த நகராட்சிக்குத் தலைவராக இருந்த ராஜாஜி, ஒத்துழையாமை வந்தபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டார். நீதிமன்றம் வேண்டாம், அந்நியத் துணி வேண்டாம் என்றார். அதோடு விட்டாரா? 1925-இல், அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடிசை குடிசையாக நூல் நூற்க வைத்துக் கதர் எடுத்தார். அவருடைய மற்ற அரசியலில் எனக்கு நிறைய மாறுபாடு உண்டு. இந்த விஷயத்தில் அவர் காட்டிய வழி சரி.

மாற்று என்றால் இன்னொரு முதலாளியின் பொருளா? அங்கேதான் இளைஞர்கள் ஏமாந்து போகிறார்கள். இன்று நமக்குப் பிடித்த பக்கம் நிற்கிற முதலாளி நாளை எந்தப் பக்கம் நிற்பார் என்று நமக்குத் தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுதான். அங்கே என்ன நிலைப்பாடு எடுப்பது என்று உறுப்பினர்கள் கூடித்தான் பேச முடியும். அரசின் காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடியபோது, வேலை போன தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழிகாட்டக் கூட்டுறவு அமைத்து, 1957, 58-இல் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். ஏற்காட்டு நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். 1981-இல் நம் ஊர் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் இடைத்தரகர்களிடம் விலைக்குக் கெஞ்ச முடியாமல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமாகக் கூடினார்கள். கண்ணெதிரே இருக்கும் உதாரணம் இது.

1905 ஆகஸ்ட் 7-இல் கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருளைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டார்கள். அந்த நாள்தான் 2015-இலிருந்து தேசியக் கைத்தறி நாள். நாம் எதையாவது புறக்கணிப்பது என்றால், முதலில் கைத்தறி என்று பொய் சொல்லி விற்கும் விசைத்தறித் துணியைப் புறக்கணிப்போம். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே என்று ஒதுக்கி 1985-இலேயே சட்டம் இருக்கிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இருக்கும்போது, நம் ஊர்க் கல்யாண மாப்பிள்ளைக்கு வேறு எங்கிருந்தோ ஏன் வேட்டி வர வேண்டும்? நம் ஊர்க் கடைகளும் பள்ளிகளும் தீபாவளிக்கு ஊழியர்களுக்குத் துணி எடுக்கின்றன. அந்தத் துணியைச் சங்கத்தில் எடுங்கள் என்று ஒவ்வொரு நிர்வாகத்திடமும் போய்க் கேட்கப் போகிறோம். மாமன்ற உறுப்பினர் அம்மாவும் எங்களோடு நாலு இடத்துக்கு வர வேண்டும் என்று மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

என் மாமா கடையில் நடந்தது நம் சங்கத்தில் நடக்கக் கூடாது. கேட்டு வருகிறவர்களிடம் நாளைக்கு வரும் என்று சொல்லக் கூடாது. தீபாவளிக்கு எத்தனை வேட்டி, எத்தனை சேலை என்று ஆவணி பிறப்பதற்குள் தெரிந்தால்தான் நூல் வாங்கிப் பாவு போட முடியும். மேடைக்கு இடப்பக்கம் ஒரு தம்பி நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பெயர், தெரு, எண்ணிக்கை சொன்னால் போதும், முன்பணம் வேண்டாம். என் பெயரை எழுதிவிட்டேன், மூன்று வேட்டி. எனக்குக் கீழே என் அண்ணன் மகள் தன் பெயரில் ஒரு சேலையும், கல்லூரித் தோழிகள் பெயரில் ஆறு சேலையும் எழுதியிருக்கிறாள். வணக்கம்.