மதிப்பு ஏறிய வீடும் ஏறாத வருமானமும்

நேயர்களுக்கு வணக்கம். உள்ளாட்சி நிதி பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்தும் எழுதியும் வருபவன் என்ற முறையில், சொத்து வரி மறுமதிப்பீட்டைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நன்றி.

மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வீட்டுக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் ஒரே எண்ணில்தான் போய் நிற்கும். புதிய மதிப்பு. பழையதைவிட இரண்டு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்கு. மதிப்பு மூன்று மடங்கு என்றால் வரியும் மூன்று மடங்குதானே என்று வயிற்றைக் கலக்கும். அப்படித்தான் ஆகும் என்பதில்லை. அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெளிவாகும்.

பல நாடுகளில் உள்ளாட்சி மன்றம் முதலில் இந்த ஆண்டு மொத்தம் எவ்வளவு வரி திரட்டுவது என்று முடிவு செய்கிறது. அந்தத் தொகையை ஊரில் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பால் வகுத்தால் வரி விகிதம் வந்துவிடும். மூன்றே வீடுகள் உள்ள ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மதிப்பும் 100. மன்றத்துக்கு வேண்டியது 30. வீட்டுக்கு 10 கட்டுகிறார்கள். மறுமதிப்பீட்டில் முதல் வீடு 150, இரண்டாவது 200, மூன்றாவது 250 என்று ஆகிறது. மன்றத்துக்கு இப்போதும் 30 போதும் என்றால் விகிதம் நூற்றுக்கு 5 ஆக இறங்கும். முதல் வீட்டுக்காரர் ஏழரை கட்டுவார், இரண்டாமவர் அதே 10, மூன்றாமவர் பன்னிரண்டரை. முதல் வீட்டின் மதிப்பு ஒன்றரை மடங்கு ஏறியும் வரி குறைந்திருக்கிறது, பாருங்கள். ஊரின் சராசரியைவிட உங்கள் வீடு அதிகம் ஏறியதா, குறைவாக ஏறியதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கணக்கு நேர்மையாக நடக்க வேண்டுமானால் மதிப்பு ஏறும்போது விகிதத்தை இறக்க வேண்டும். விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "நாங்கள் வரியை உயர்த்தவில்லை, மதிப்புதான் உயர்ந்தது" என்று சொல்லும் மன்றம் மக்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. செலவு கூடியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, வாக்கெடுத்து, வரியை உயர்த்தட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறுமதிப்பீட்டின் மறைவில் உயர்த்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

மறுமதிப்பீடே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்லிப் பார்த்த இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் வீடுகளுக்கான கவுன்சில் வரி இன்றும் 1991 ஏப்ரல் மாத மதிப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதற்குப் பிறகு கட்டிய வீட்டுக்கும், 1991-இல் அது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்றுதான் பார்க்கிறார்கள். போதாததற்கு, அந்த மதிப்பை வைத்து வீடுகளைப் பல பிரிவுகளாக்கி வரி போடுவதில், உச்சப் பிரிவு வீடு அடிப் பிரிவு வீட்டைப் போல் மூன்று மடங்குதான் கட்டுகிறது. அந்த 1991 மதிப்பிலேயே இரண்டுக்கும் இடையே எட்டு மடங்குக்குக் குறையாத வித்தியாசம் இருந்தது. ஜெர்மனியில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. மேற்குப் பகுதிக்கு 1964-ஆம் ஆண்டு மதிப்பு, கிழக்குப் பகுதிக்கு 1935-ஆம் ஆண்டு மதிப்பு. இது சமத்துவத்துக்கு முரணானது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்த பிறகே அரசு அசைந்தது. புதிய முறை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

கலிஃபோர்னியாவில் மக்களே வாக்களித்து வரியைக் கட்டிப்போட்டார்கள். 1978-இல் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவின்படி, வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வயதானவர்கள் வீட்டை இழந்துவிடக் கூடாது என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர் கட்டுவதைப் போலப் பல மடங்கை நேற்று வாங்கிய இளம் குடும்பம் கட்டும். வீட்டை விற்றால் குறைந்த வரி கையை விட்டுப் போய்விடுமே என்று பலர் இடம் மாறுவதில்லை. விற்பனைக்கு வரும் வீடுகள் குறைகின்றன. வீடு தேடும் அடுத்த தலைமுறைதான் இதற்கு விலை கொடுக்கிறது.

காலம் தாழ்த்தத் தாழ்த்த அடி பலமாக விழும். ஆண்டுதோறும் சிறுகச் சிறுக மாற வேண்டியது, இருபது முப்பது ஆண்டு கழித்து ஒரே நாளில் வந்து விழுந்தால் யாரால் தாங்க முடியும்? ஆகவே ஆண்டுக்கொரு முறை, முடியாவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையாவது மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடிக்கடி செய்தால் மட்டும் போதாது, சரியாகவும் செய்ய வேண்டும். சிக்காகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் மலிவான வீடுகளுக்கு உண்மை விலையைவிடக் கூடுதலாகவும், விலை உயர்ந்த வீடுகளுக்குக் குறைவாகவும் மதிப்புப் போட்டிருந்தார்கள் என்பது 2017-இல் அம்பலமானது. மதிப்பீட்டாளர் பெரும்பாலும் வீட்டுக்குள் வருவதில்லை. பரப்பளவு, கட்டிய ஆண்டு, பக்கத்து வீடுகள் விலைபோன தொகை ஆகியவற்றை வைத்து மொத்தமாகக் கணக்கிடுகிறார். ஒழுகும் கூரையும் அரித்துப்போன குழாயும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. வசதியுள்ளவர் வழக்கறிஞரை வைத்து மேல்முறையீடு செய்து குறைத்துக்கொள்கிறார். இரண்டு வேலை பார்க்கும் ஏழைக்கு அந்த அலுவலகத்துக்குப் போகவே நேரம் கிடைப்பதில்லை.

இப்போது என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு நேர்மையாகவே நடந்தாலும் அடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். உழைப்பாளிகள் குடியிருந்த பழைய பகுதிக்கு ரயில் நிலையம் வருகிறது, பூங்கா வருகிறது. நில விலை ஏறுகிறது. அங்கே கணவர் காலத்திலிருந்து குடியிருக்கும் ஒரு மூதாட்டியின் ஓய்வூதியம் ஏறவில்லை. விற்றால்தான் அந்த மதிப்பு பணமாகும். அவர் விற்க விரும்பவில்லை, இருந்த இடத்திலேயே இருக்க விரும்புகிறார். "மதிப்பு ஏறியிருக்கிறதே, சந்தோஷப்படுங்கள்" என்று அவரிடம் சொல்வது கொடுமை.

இதற்கு வழி இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயது நிறைந்த வீட்டு உரிமையாளர், தகுதி இருந்தால், வரியைத் தள்ளிவைக்கலாம். மாகாண அரசு உள்ளாட்சிக்குக் கட்டிவிடும். வீடு விற்கப்படும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வட்டியோடு திரும்பப் பெறும். மன்றத்துக்கும் வருமானம் குறைவதில்லை, மூதாட்டியும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1964-லேயே இன்னொரு வழி கண்டது. குறைந்த வருமானக்காரரின் வருமானத்தோடு ஒப்பிடச் சொத்து வரி அதிகமாக இருந்தால், அதில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பிக் கொடுக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கும் அந்தச் சலுகை உண்டு.

வாடகைதாரரை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வரி நோட்டீஸ் அவர் பெயருக்கு வராது. ஆட்சேபணை சொல்லவும் அவரை யாரும் அழைக்க மாட்டார்கள். ஆனால் வரி கூடினால், அடுத்த ஒப்பந்தத்தில் அதன் பெரும்பகுதியை வாடகையில் ஏற்றத்தான் உரிமையாளர் பார்ப்பார். உரிமையாளருக்கு மட்டும் சலுகை கொடுத்துவிட்டு, வீட்டு வசதிக்கு உதவிவிட்டோம் என்று ஒரு மன்றம் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் மதிப்பை ஓரமாக வைத்துவிட்டு, விவரப் பகுதியை முதலில் படியுங்கள். பரப்பளவு சரியா, கட்டிய ஆண்டு சரியா, இடித்துவிட்ட பின்கட்டு இன்னும் கணக்கில் இருக்கிறதா, பூச்சு வேலைகூட முடியாத மாடி முழுமையான மாடியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பிழைகளுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. அளவும் நான்கு புகைப்படங்களும், அதே தெருவில் அதே அளவு வீட்டின் மதிப்பும் போதும். கடைசித் தேதிக்குள் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மன்றத்தின் வரவு செலவுக் கூட்டத்துக்குப் போய், மறுமதிப்பீட்டுக்கு முன் மொத்தம் எவ்வளவு திரட்டினீர்கள், இந்த ஆண்டு எவ்வளவு திரட்டப் போகிறீர்கள் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். வரியைத் தள்ளிவைக்கும் திட்டம் உங்கள் ஊரில் உண்டா என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.