பத்து எலிமெண்ட் போட்டும் ஏன் வளையவில்லை? ஷியர் லொக்கிங்

[திரையில்: வாவிப் பக்கமிருந்து கல்லடிப் பாலம்]

மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலம், 1924ஆம் ஆண்டு இரும்புப் பாலம். இதன் சட்டகத்தைக் கணக்கிட ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கோட்டு எலிமெண்ட் போதும். எலிமெண்ட் என்றால் கணினிக் கணிப்புக்காகப் பொருளைப் பிரிக்கும் சிறு துண்டு. அவை பெரும்பாலும் இழுபடும் அல்லது அமுங்கும், அவ்வளவுதான். இதே போன்ற ஒரு பாலத்தில் மெல்லிய தட்டை இரும்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்து, அது எவ்வளவு வளையும் என்று கேட்டால் கதை வேறு.

[திரையில்: ஒரு முனை இறுக்கிய தட்டை இரும்பு]

நீளம் 1000 மி.மீ., அகலம் 100, தடிப்பு 10. நுனியில் 10 நியூற்றன் சுமை. யங்கின் மட்டு 200,000 மெகாபஸ்கால், புவாசோன் விகிதம் 0.3. முதலில் பேனாவை எடுங்கள். இரண்டாம் திருப்பம் 8333 மி.மீ.⁴. சுமையை நீளத்தின் மும்மடியால் பெருக்கி, 3இஐ-யால் (இ யங்கின் மட்டு, ஐ இரண்டாம் திருப்பம்) வகுத்தால் நுனி இறக்கம் சரியாக 2 மி.மீ.

இப்போது பக்கவாட்டுத் தோற்றத்தை நான்கு கணு நாற்பக்க எலிமெண்டால் நிரப்புவோம். கணு என்பது எலிமெண்டுகள் ஒன்றோடொன்று இணையும் புள்ளி. நீளத்துக்குப் பத்து, தடிப்புக்கு ஒன்று, முழுத் தொகையிடல்: அதாவது ஒவ்வோர் எலிமெண்டின் விறைப்பையும் உள்ளே நான்கு புள்ளிகளில் கணக்கிட்டுக் கூட்டுவது. விடை சுமார் 0.05 மி.மீ. நாற்பதில் ஒரு பங்கு! மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராது. நிறப்படம் அழகாகவே வரும். தாங்கியின் எதிர்விசையைக் கூட்டிப் பார்த்தாலும் 10 நியூற்றன் சரியாக இருக்கும். அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு ஆபத்தானது: வழக்கமாக நாம் நம்பும் சோதனை இதைப் பிடிக்காது.

[திரையில்: சதுரம் வரைந்த அழிறப்பரை இரு விரல்கள் வளைக்கின்றன]

காரணத்தைக் கையிலேயே பார்க்கலாம். அழிறப்பரின் பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்து வளையுங்கள். மேல் கோடும் கீழ்க் கோடும் வில்லாகின்றன. நிலைக்கோடுகள் சாய்ந்தாலும், மூலைகளில் செங்கோணம் அப்படியே நிற்கிறது. நான்கு கணு எலிமெண்டின் விளிம்போ வளையத் தெரியாதது, நேராகவே நிற்கும். ஆகவே அது சரிவகமாக மாறுகிறது. மூலைக் கோணம் 90 பாகையை விட்டு விலகுகிறது. கோணம் மாறினால் ஷியர். உண்மையில் இல்லாத அந்த ஷியர் சக்தியை விழுங்க, எலிமெண்ட் விறைத்துப்போகிறது. இந்தப் பூட்டுதான் ஷியர் லொக்கிங். நீள-தடிப்பு விகிதத்தின் வர்க்கத்தோடு இந்த விறைப்பு ஏறும். நம் எலிமெண்டில் விகிதம் 10, வர்க்கம் 100.

எண்ணிக்கையைக் கூட்டினால் தீருமா? நீளத்துக்கு 100 போட்டு ஒவ்வொன்றையும் சதுரமாக்கினாலும் 1.35 மி.மீ.தான். தடிப்புக்கு நான்கு, நீளத்துக்கு 400, ஆக 1600 எலிமெண்ட் போட்டால் 1.94. இன்னும் 3 சதவீதம் குறைவு.

இரண்டாவது வழி, தொகையிடல் புள்ளியை நடுவில் ஒன்றாகக் குறைப்பது. வளையும்போது மேலே இழுவை, கீழே அமுக்கம். நடுப்புள்ளிக்கு எதுவும் தெரியாது. தடிப்புக்கு ஒரே எலிமெண்ட் என்றால் வளைவை எதிர்க்கும் விறைப்பே இல்லை, கணுக்கள் வளைந்து நெளிந்து மணற்கடிகாரம் போல் ஆடும். தடிப்புக்குக் குறைந்தது நான்கு அடுக்கு வேண்டும். இந்த ஆட்டத்தை அடக்க மென்பொருள் சேர்க்கும் செயற்கைக் கட்டுப்பாட்டுச் சக்தி மொத்த உட்சக்தியில் சில சதவீதத்தைத் தாண்டினால் விடையை ஏற்காதீர்கள்.

எங்கள் தெரிவு மூன்றாவது. 1973இல் ஆய்வாளர் வில்சன் குழுவினர் எலிமெண்டுக்குள்ளேயே வளைவு வடிவங்களைச் சேர்த்தார்கள். 1976இல் டெய்லர், பெரஸ்ஃபோர்ட், வில்சன் அதைத் திருத்தினர். அபாக்கஸ் என்ற கணிப்பு மென்பொருளில் இந்த வகைக்குப் பெயர் சிபிஎஸ்4ஐ. அதே பத்துச் செவ்வக எலிமெண்டில் இப்போது 1.995 மி.மீ. எட்டுக் கணு சிபிஎஸ்8ஆர் போட்டாலும் 2 மி.மீ.க்கு ஒட்டியே வரும்.

தானியங்கி மெஷ் (எலிமெண்ட் வலை) போடுகிறவர்கள் கவனியுங்கள்: மூன்று கணு முக்கோணமும் நான்கு கணு நான்முகியும் வளைவுக்கு உதவா. பத்துக் கணு நான்முகிக்கு மாற்றுங்கள்.

[திரையில்: செவ்வக மெஷ் மெல்லச் சரிவகமாகச் சிதைகிறது]

சிபிஎஸ்4ஐ-க்கும் ஒரு பலவீனம் உண்டு. எலிமெண்டுகள் இப்படிச் சரிவகமானால் பூட்டு திரும்பி வந்துவிடும். மக்னீலும் ஹார்டரும் 1985இல் முன்வைத்த சோதனைத் தொகுப்பில் சரிவக மெஷ் போட்ட மெல்லிய வளை ஒன்று இருப்பது இதற்காகத்தான். விடையை ஒப்பிட நுனி இறக்கத்தையும் நடு நீளத்தின் மேற்பரப்புத் தகைப்பையும் எடுங்கள். தகைப்பு 3 மெகாபஸ்கால் வரவேண்டும். இறுக்கிய மூலைத் தகைப்பை எடுக்க வேண்டாம், மெஷ் சிறுக்கச் சிறுக்க அது ஏறிக்கொண்டே போகும்.