காலில் சுருண்ட நாளம்: லேசரா, நுரை ஊசியா, சத்திரசிகிச்சையா?

[காட்சி: திருகோணமலை மத்திய வீதியில் ஒரு துணிக்கடை. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் கெண்டைக்கால்.]

நாள் முழுக்க நின்றே வேலை. பின்னேரமானால் கால் பாரமாக இழுக்கும், கணுக்கால் வீங்கும், தோலுக்கடியில் நீலமாகச் சுருள் தெரியும். இரத்தத்தை மேலே ஏற்றும் நாளங்களில் ஒருவழி வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழிறங்கித் தேங்கும். சுருள் கெண்டையில் தெரிந்தாலும், ஒழுக்கு பெரும்பாலும் தொடையின் உட்பக்க நாளத்தில்தான் இருக்கும். மேலே ஒழுக விட்டுவிட்டு கீழே சுருளை மட்டும் கவனித்தால் அது திரும்பவும் வரும்.

ஆகவே முதலில் டூப்ளெக்ஸ் ஸ்கான், அதாவது இரத்த ஓட்டத்தையும் காட்டும் அல்ட்ராசவுண்ட்; அதுவும் நிற்க வைத்து. கெண்டையை அமுக்கி விட்டதும் இரத்தம் அரைச் செக்கனுக்கு மேல் கீழே ஓடினால் வால்வு பழுது. ஆழ்நாளத்தில் (தசைகளுக்கு நடுவே ஓடும் பெரிய நாளம்) இரத்தக்கட்டி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

[வரைபடம்: தொடை நாளத்துக்குள் மெல்லிய குழாய்]

ஒழுகுவது நேரான பெரிய நாளமென்றால் லேசர் அல்லது ரேடியோ அலை; இரண்டும் நாளத்தை உள்ளிருந்தே சூட்டால் மூடிவிடும். முழங்காலடியில் ஊசித்துளை போட்டு, குழாயைக் கவட்டை நோக்கி ஏற்றி, ஆழ்நாளத்தைச் சேருமிடத்துக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் முன்பே நிறுத்துவார்கள். அதைத் தாண்டினால் ஆழ்நாளத்தில் கட்டி உண்டாகலாம். பிறகு நாளத்தைச் சுற்றி, விறைப்பு மருந்து கலந்த சலைனை ஏற்றுவார்கள். வலிக்கு மட்டும் அல்ல, சூடு தோலையும் நரம்பையும் தொடாமலிருக்கவும்தான். சலைன் குறைந்தால் தோல் பொசுங்கும், கால் மரத்துப்போகும். ரேடியோ அலை 120 பாகையில், 7 சென்ரிமீற்றர் துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் 20 செக்கன். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

குழாய் நுழையாதபடி வளைந்த நாளத்துக்கு, அதை மருந்தால் மூடும் நுரை ஊசி. ஒரு பங்கு மருந்து, நான்கு பங்கு காற்று. இரண்டு சிரிஞ்சுக்கிடையில் தள்ளித் தள்ளி நுரையாக்குவார்கள். செலவு குறைவு, ஆனால் மறுபடி வரும் வாய்ப்புக் கூட. பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

சத்திரசிகிச்சையில் நாளத்தை வெட்டி உருவுவது பழைய முறை. எந்தச் சிகிச்சை உகந்தது என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி, வெப்ப முறைக்கும் நுரை ஊசிக்கும் அடுத்து அதை மூன்றாவதாகத்தான் வைக்கிறது. லேசர், ரேடியோ அலை வசதியில்லாத இடத்தில் இன்றும் அது நல்ல சிகிச்சையே.

இறுக்கமான ஸ்டொக்கிங் சுகமாக்காது, வீக்கத்தைத்தான் அடக்கும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைப் போட்டுக்கொண்டிருப்பது லேசில்லை, தெரியும். கர்ப்பிணிகளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை பெரும்பாலும் இதுதான் வழி. காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் போடுங்கள். மேல்விளிம்பை மடிக்காதீர்கள், மடித்த இடம் கயிறுபோல இறுக்கும். சீனி வருத்தக்காரரும் புகைப்பவரும் பாதத்து நாடித்துடிப்பைச் சோதித்த பிறகே வாங்க வேண்டும். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடி ஏற்கெனவே ஒடுங்கியிருந்தால் அந்த இறுக்கம் பாதத்தையே கெடுக்கும்.

சுருள் வெடித்து இரத்தம் பாய்ந்தால் நிற்க வேண்டாம். படுத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அமுக்குங்கள். தொடையில் கயிறு கட்டாதீர்கள். இரத்தம் நின்றுவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.