அப்பாவின் எண்ணும் நான் படிக்கிற கணக்கும்

வணக்கம். இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பேசவில்லை, சிலாங்கூரில் இருக்கிற பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்திருக்கிறேன். நம் ஆள்களுக்கு இது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். பின்னால் லோரிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆலைக்குப் போகிற வழி இது.

என் கையில் இருப்பதைப் பாருங்கள். லோரியிலிருந்து சாலையில் உதிர்ந்த செம்பனைப் பழம். நகத்தால் கீறினால், இதோ, செம்மஞ்சளாக எண்ணெய் கசிகிறது. அக்கவுண்டிங் முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு எதற்கு சஸ்டைனபிலிட்டி, அதாவது நிலைத்தன்மை, என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இந்தப் பழத்தை வைத்தே சொல்கிறேன்.

கணக்கியலில் செம்பனை மரம் வேறு, அதில் காய்க்கிற பழம் வேறு. 2016 முதல் நடப்பில் இருக்கிற பன்னாட்டு விதிப்படி, மரத்தை ஆலையில் உள்ள பாய்லர் மாதிரி பார்க்க வேண்டும், வருடா வருடம் தேய்மானம் போட வேண்டும். சுமார் 25 வருடம் அதன் ஆயுள். மரத்தில் இருக்கிற பழமோ உயிருள்ள சொத்து, அதற்கு நியாய மதிப்பு, அதாவது இன்றைக்குச் சந்தையில் விற்றால் கிடைக்கிற மதிப்பு, போடுவார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே மரத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் கணக்கு வைக்கத் தெரிகிறது. அது நிற்கிற மண்ணுக்கும், குலை வெட்டுகிறவருக்கும் எந்தப் பக்கத்தில் இடம்? நான் படிப்பது இந்தக் கேள்வியைத்தான்.

போன செமஸ்டரில் ஒரு ஆலையின் உமிழ்வை, அதாவது அது வெளிவிடுகிற, பூமியைச் சூடாக்கும் வாயுக்களை, கணக்கிடச் சொன்னார்கள். நேரடி உமிழ்வு ஸ்கோப் 1, வாங்குகிற மின்சாரத்துக்கானது ஸ்கோப் 2, விநியோகச் சங்கிலியில் மற்றவர்கள் வழியாக வருவது ஸ்கோப் 3. ஸ்கோப் 1-இல் பெரிய தொகை எங்கிருந்து வந்தது தெரியுமா? கழிவுநீர்க் குளத்திலிருந்து. சின்ன வயதில் காற்று திரும்பினால் அம்மா சன்னலைச் சாத்துவார், அந்த நாற்றம் அப்படி. அந்தக் குளத்திலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். குளத்தை மூடி வாயுவைப் பிடித்தால் மின்சாரமே எடுக்கலாம். அதற்கு எவ்வளவு முதலீடு, எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்தான் அக்கவுண்டன்ட்.

மண்ணும் அப்படித்தான். இங்கே பக்கத்தில் ராஜா மூசா காடு, காம்புட் மண், அதாவது பாதி மட்கிய செடிகொடிகள் நீரில் தேங்கி உண்டான சதுப்பு மண். அந்த மண்ணின் நீரை வடித்துவிட்டால் உள்ளே தேங்கிய கரி மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். வறட்சியில் தீப்பிடித்தால் புகை நம் வீட்டுக்குள் வரும்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். நிலைத்தன்மை பற்றியும் பருவநிலை பற்றியும் நிறுவனங்கள் எப்படி அறிக்கை தர வேண்டும் என்று சொல்கிற, 2023 ஜூனில் வெளிவந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு பன்னாட்டுத் தரங்கள்தான் எங்கள் படிப்பின் முதுகெலும்பு. அவை முதலீட்டாளருக்கும் கடன் கொடுப்பவருக்கும் எது முக்கியமோ அதைச் சொல்லச் சொல்கின்றன. ஐரோப்பிய விதியோ, நிறுவனம் மக்களுக்கும் மண்ணுக்கும் என்ன செய்கிறது என்பதையும் சொல்லச் சொல்கிறது. வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். நான் இரண்டாவது பக்கம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதையும் பார்த்துவிட்டோம். 2020-இல் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை உள்ளே விடவில்லை. தோட்டத்து விஷயம் பங்குச்சந்தை விஷயமானது.

நிதிப் பக்கத்திலும் நிறைய இருக்கிறது. உலகின் முதல் பசுமை சுக்குக், அதாவது சுற்றுச்சூழல் திட்டத்துக்கான இஸ்லாமிய முறைக் கடன்பத்திரம், 2017-இல் நம் நாட்டில்தான் வெளியானது, 25 கோடி வெள்ளி (ரிங்கிட்), சபாவில் கூடாட்டில் சூரிய மின்நிலையம் கட்ட. பசுமை என்று சொல்லிக் கடன் வாங்கினால், அது உண்மைதானா என்று யாராவது சரிபார்க்க வேண்டாமா?

வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறீர்கள். 2024 செப்டம்பரில் தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு வந்தது. அதன்படி இந்தத் தரங்களில் அறிக்கை தர வேண்டியது, பூர்சா என்கிற நம் பங்குச்சந்தையின் முதன்மைச் சந்தையில் 200 கோடி வெள்ளிக்கு மேல் சந்தை மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2025 நிதியாண்டு முதல், அந்தச் சந்தையின் மற்ற நிறுவனங்களுக்கு 2026, அப்புறம் வளர்ந்துவரும் நிறுவனங்களுக்கான ஏஸ் சந்தைக்கும் பெரிய பட்டியலிடாத நிறுவனங்களுக்கும் 2027. இத்தனை அறிக்கைக்கும் எண்களைத் திரட்ட ஆள் வேண்டும், தணிக்கை செய்ய ஆள் வேண்டும். ஒன்று மட்டும், அடிப்படைக் கணக்கியலை விட்டுவிட்டு நேராக இதற்குள் வராதீர்கள். காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு, தெரியாமல் கார்பன் கணக்குப் போட முடியாது.

என் அப்பா குலை வெட்டியவர். வெட்டிய காம்பின் முகத்தில் அவருடைய எண்ணை எழுதி வைப்பார். தோட்டத்து எழுத்தரான கிராணி அதைப் பார்த்துத்தான் கூலி எழுதுவார். நான் முதலில் படித்த கணக்கு அதுதான். லோரியில் ஏறியதும் அந்த எண் போய்விடும், அதற்குப் பிறகு எல்லாம் டன். என் ஆய்வுக்கட்டுரைக்கு அதையே தலைப்பாக எடுத்திருக்கிறேன்: அறிக்கையில் இருக்கிற ஒரு டன்னிலிருந்து காம்பில் இருக்கிற எண் வரைக்கும் பின்னோக்கிப் போக முடியுமா?

நாளைக்கு அப்பாவோடு தோட்டத்துக்குள் போகிறேன். கிராணி பழைய செக்ரோல் புத்தகம், அதாவது ஆள்களின் வேலையும் கூலியும் எழுதிய பதிவேடு, ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். கேமராவும் வரும்.