ஓநாய் ஆற்றைத் திருப்பியதா? தொண்டி நேயரின் கேள்விக்கு விளக்கம்

சரி, இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. தொண்டியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற பூங்காவில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், உடனே மான் குறைந்தது, மரம் வளர்ந்தது, ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். “ஐயா, இது உண்மையா? அப்புறம், நம்ம கடற்கரையில் ஓநாயே கிடையாதே, இதைத் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?” என்று கேட்கிறார். இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்வி. ஓநாயைக் கொண்டுவந்தது உண்மை. 1926 வாக்கிலேயே அந்தப் பூங்காவில் ஓநாயை அடியோடு ஒழித்துவிட்டார்கள். அரசாங்கமே முன்னின்று கொன்றது. எழுபது வருஷம் கழித்து, 1995இல் 14, 1996இல் 17 என்று கனடாவிலிருந்து மொத்தம் 31 ஓநாய்களைப் பிடித்து வந்து விட்டார்கள். அதற்கு முன்னால் பூங்காவின் வடபகுதியில் எல்க் என்ற பெரிய மான் 19,000 அளவில் இருந்தது. 2013 வாக்கில் 4,000க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குறைவு முழுவதையும் ஓநாய் கணக்கில் எழுத முடியாது. கரடி உண்டு, மலைச்சிங்கம் உண்டு, பூங்காவுக்கு வெளியே துப்பாக்கியோடு காத்திருந்த மனிதர்களும் உண்டு.

மரம் வளர்ந்ததா? சில இடங்களில் வளர்ந்தது. பல இடங்களில் வளரவில்லை. ஏன் வளரவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே பீவர் என்று ஒரு விலங்கு. மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். ஓநாய் போன காலத்தில் மான் பெருகி, ஓடைக்கரை வில்லோ மரங்களையெல்லாம் மேய்ந்துவிட்டது. தின்னவும் கட்டவும் மரம் இல்லாமல் பீவர் போய்விட்டது. பராமரிக்க ஆளில்லாத அணைகள் உடைந்தன. தண்ணீர் தேங்காமல் வேகமாக ஓடி ஓடையை ஆழமாக அறுத்துவிட்டது. நிலத்தடி நீர் கீழே இறங்கிவிட்டது. நம் பக்கத்தில் கண்மாய்க் கரை உடைந்து கிடந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் என்ன ஆகுமோ, அதேதான்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். சில இடங்களில் மான் நுழையாமல் வேலி போட்டார்கள். சில இடங்களில் பீவர் கட்டுவது போலச் சின்ன அணை கட்டினார்கள். சில இடங்களில் இரண்டையும் செய்தார்கள். இருபது வருஷம் அளந்துகொண்டே இருந்தார்கள். வேலி மட்டும் போட்ட இடத்தில் மரம் பெரிதாக எழும்பவில்லை. தண்ணீரும் மேலே வந்து மானும் தள்ளி நின்ற இடத்தில்தான் உயர்ந்து வளர்ந்தது. 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஆகவே தம்பி, ஓநாய் வந்ததால் ஆறு திரும்பியது என்பது அளவுக்கு மீறிய பேச்சு. ஓநாயை அழித்ததால் ஓடை கெட்டது என்பது அதைவிட உண்மைக்குப் பக்கம். கெட்டதை ஓநாய் தனியாக வந்து சரிசெய்துவிட முடியவில்லை. நான் பேசும் இந்த வீடியோவைப் பார்த்து ஒருவர்கூட ‘ஓநாய் எதற்கும் உதவாது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல் படியில் இருக்கும் விலங்கை எடுத்துவிட்டால், திரும்ப வைத்தாலும் பழைய இடம் கிடைக்காமல் போகலாம். அதனால் எடுக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

இங்கே நான் எப்போதும் சொல்வதை மறுபடி சொல்கிறேன். பவளப்பாறை பற்றிப் பேசியபோதும் சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். நீண்ட காலம் பார்க்க வேண்டும். விடாமல் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்று ஒரு தீவு. 1958இல் டர்வர்ட் ஆலன் என்ற பேராசிரியர் அங்கே ஓநாயையும் மூஸ் என்ற ராட்சத மானையும் எண்ணத் தொடங்கினார். பனிக்காலத்தில் சின்ன விமானத்தில் பறந்து எண்ணுவார்கள். கோடையில் காடு முழுக்க நடந்து மூஸ் எலும்பைப் பொறுக்குவார்கள். அவருக்குப் பிறகு ரோல்ஃப் பீட்டர்சன் தன் வாழ்நாளையே இதற்குக் கொடுத்தார். எலும்பைப் பார்த்தே, ஓநாயிடம் சிக்கியவை பெரும்பாலும் குட்டிகளும் கிழடுகளும் மூட்டுவாதம் வந்தவையும் என்று சொன்னார்கள்.

1980இல் அந்தத் தீவில் 50 ஓநாய்கள். அன்றைக்கு ஆய்வை நிறுத்தியிருந்தால் ஓநாய் அமோகமாக இருக்கிறது என்று எழுதி முடித்திருப்பார்கள். இரண்டே வருஷத்தில் 14. பார்வோ வைரஸ், நாயிடமிருந்து வந்த நோய். நம் வீட்டு நாய்க்குட்டிகளைக் கொல்கிறதே, அதே நோய்தான். அப்போது நிறுத்தியிருந்தால் நோய்தான் எல்லாம் என்று முடித்திருப்பார்கள். பிறகு 1997இல் ஏரி உறைந்தபோது ஒரே ஒரு ஆண் ஓநாய் பனிக்கட்டி மேல் நடந்து தீவுக்கு வந்தது. அதன் ரத்தம் கலந்து கூட்டம் கொஞ்ச காலம் தெம்பானது. அப்புறம் மறுபடி உறவுக்குள்ளேயே இனம்பெருகிப் பலவீனப்பட்டு, 2018இல் மிஞ்சியது இரண்டு. வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1958இல் தொடங்கிய அந்த எண்ணும் வேலை இன்றும் நடக்கிறது. எந்தப் பத்து வருஷத்தைத் தனியாக வெட்டி எடுத்தாலும் வேறு கதை கிடைக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

நம் நாட்டு ஓநாயைப் பற்றிப் புல்வெளிப் பேச்சில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன், அதைப் பாருங்கள். நாடு முழுக்க 3,000 அளவில்தான் மதிப்பிடுகிறார்கள்.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் கரையில் ஓநாய் இல்லை, சரி. ஆனால் நம் கடலில் ஓநாயின் இடத்தில் இருப்பது யார்? தொண்டியில் பிறந்த பிள்ளை இதைக் கேட்டிருந்தால் இன்னும் துள்ளியிருப்பேன். சுறாதான்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஷார்க் பே என்று ஒரு விரிகுடா. கடற்புல்லும் கடல்பசுவும் நிறைந்த இடம். நம் மீனவர்கள் ஆவுலியா என்று சொல்லும் அதே கடல்பசு. அங்கே வெதுவெதுப்பான மாதங்களில் புலிச்சுறா நிறைய வரும். மைக்கேல் ஹைட்ஹவுஸ் குழுவினர் 1997 முதல் அங்கே வேலை செய்திருக்கிறார்கள். சுறா வரும் காலத்தில் ஆவுலியா நல்ல மேய்ச்சல் இருக்கும் ஆழமில்லாத இடத்தை விட்டுவிட்டு, புல் குறைவாக இருந்தாலும் தப்பிக்க வசதியான விளிம்புப் பக்கம் போகிறது. தலையைச் சேற்றுக்குள் புதைத்து வேரோடு தோண்டித் தின்பதையும் குறைத்துக்கொள்கிறது. தலையைப் புதைத்தால் சுறா வருவது தெரியாதே. சுறா ஓர் ஆவுலியாவைக்கூடக் கொல்லாமல், அங்கே சுற்றுவதாலேயே, எந்தப் புல் மேயப்படுகிறது என்பது மாறுகிறது. அதே விரிகுடாவில் 2011இல் கடல்வெப்பம் ஏறியபோது கடற்புல் பெருமளவு அழிந்தது. சுறா மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, பீவர் விஷயம் மாதிரிதான். பார்த்துக்கொண்டே இருந்ததால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தது.

பாக் விரிகுடாவிலும் புல் இருக்கிறது, ஆவுலியா இருக்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். சுறாவைப் பற்றித்தான் பேச ஆளில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், அதில் நான் குறை காணவில்லை. ஆனால் பெரிய சுறா பல வருஷம் வளர்ந்து, தாமதமாக, கொஞ்சமாகக் குட்டி போடும் சாதி. மத்தியைப் போலப் பெருகாது. பீலிக்காகவும், அதாவது சுறாவின் துடுப்புக்காகவும், பெரிய சுறாவைப் பிடித்திருக்கிறோம். எத்தனை பிடித்தோம், எந்த வருஷத்திலிருந்து குறைந்தது?

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது, ஆரம்ப காலத்தில் அதன் தலைமையிடம் பல வருஷம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. கரைக்கு வரும் மீனை அவர்கள் கணக்கெடுக்கிறார்கள், அதன் அருமை பெரிது. ஆனால் அதற்கு இணையான ஒரு கணக்கு நம் வீடுகளிலேயே இருக்கிறது. பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடிப் பக்கம் சுறாக் கருவாடும் பீலியும் வாங்கி விற்ற குடும்பங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களைத்தான் கேட்கிறேன். தாத்தா எழுதிய கணக்கு நோட்டு பரணில் கிடந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தேதி, மீன் பெயர், எடை தெரிகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். விலை, ஆள் பெயரை மறைத்துவிட்டே அனுப்பலாம். தொண்டித் தம்பி, உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். பெரியவர்களிடம் கடைசியாகக் கொம்பன் சுறாவை, அதுதான் சுத்தியல் மாதிரித் தலை உள்ள சுறாவை, எப்போது, எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.